நாற்பத்தொரு கைகள்

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே அவசரப்படாமல் கேளுங்கள்.

கரீபியன் கடலில் சாந்த் எல்மோ என்றொரு தீவு. காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் முழுத் தீவையும் சுற்றி வந்துவிடலாம். அங்கே முதலீட்டு அலுவலகத்தில் லூரீன் பாப்டிஸ்ட் வேலை பார்த்தாள். தொழில் தொடங்க இடம் தேடி வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் துறைமுகம், மின்நிலையம், கல்லூரி என்று சுற்றிக் காட்டுவது அவள் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக அதே சாலை, அதே பேச்சு. வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, கடலைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பேசிப் பேசித் தாடைகூட வலிக்கும் அவளுக்கு.

வாழைப்பழ ஏற்றுமதி படுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. சுற்றுலா விடுதிகளில் வருடத்துக்கு நான்கு மாதம்தான் வேலை. மீதி எட்டு மாதத்துக்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியவில்லை. படித்த பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். லூரீனின் மகனும் அப்படிப் போனவன்தான்.

அந்த வருடம் கோயம்புத்தூரிலிருந்து ரத்தினசபாபதி வந்தார். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் கவனிக்கும் நிறுவனம் அவருடையது. அவர் கடலைப் படம் எடுக்கவில்லை. கல்லூரியில் கடைசி வருட மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்து, "முதலில் நாற்பது பேர் போதும் மேடம். பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது" என்றார்.

லூரீன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள்.

"ஆனால் ஒன்று," என்றார் அவர். "போன தடவை வேறொரு தீவில் தொடங்கினேன். சொல்லிக்கொடுத்து ஆளாக்கியவர்கள் எல்லாம் ஒரே வருடத்தில் கனடா போய்விட்டார்கள். மூட வேண்டியதாயிற்று. மறுபடி அடிபட எனக்குத் தெம்பில்லை. மூன்று வருடம் இருப்பார்கள் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்."

அலுவலகத்தில் லூரீனின் மேலதிகாரி ஹெக்டர் இதைக் கேட்டதும் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "எழுது லூரீன். அந்த மனுஷன் உன்னைத்தான் நம்புகிறார், உன் கையெழுத்தில் போகட்டும். பொய்யாய்ப் போனாலும் பிள்ளைகளுக்கு ஒரு வருடமாவது சோறு. உண்மையைச் சொன்னால் அதுவும் இல்லை."

லூரீன் எழுதவில்லை. கல்லூரிக்குத் திரும்பிப் போய் மாணவர்களையே கேட்டாள். "வேலை வந்தால் மூன்று வருடம் இங்கே இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்." வகுப்பில் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு கைகளும் உயர்ந்தன. அவள் கண் கலங்கிவிட்டது.

கார் கதவைத் திறக்கும்போது கெசியா என்ற மாணவி பின்னால் ஓடி வந்தாள். "மிஸ் லூரீன், நானும் கை தூக்கினேன். ஆனால் போன மாதமே எனக்கு டொரண்டோ விசா வந்துவிட்டது. நான் மட்டும் தூக்காமல் இருந்தால் எல்லார் பிழைப்பும் கெட்டுவிடுமே என்றுதான்..."

"வேறு யாரெல்லாம் இப்படி?"

"தெரியாது மிஸ். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை."

லூரீன் நேரே ரத்தினசபாபதி தங்கியிருந்த விடுதிக்குப் போய் அவரிடம் சொன்னாள்: "எல்லாரும் கை தூக்கினார்கள் ஐயா. அதில் ஒருவராவது போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று தெரியாது. என்னால் எழுதிக் கொடுக்க முடியாது."

அவர் எழுந்து கைகூப்பினார். "சொன்னதற்கு நன்றி மேடம்" என்றார். மறுநாள் விமானத்தில் போய்விட்டார்.

பக்கத்துத் தீவின் அலுவலகம் அவர் கேட்டபடியே எழுதிக் கொடுத்தது. நிறுவனம் அங்கே திறந்தது. இன்றுவரை நன்றாகவே நடக்கிறது. கெசியா டொரண்டோ போனாள். வகுப்பில் மிச்சமிருந்தவர்களில் பதினொரு பேர், வேறு வழியில்லாமல், படகேறிப் போய் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஹெக்டர் லூரீனிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் அவளை இன்னும் சோர வைத்தது.

பிள்ளைகளின் சோற்றுக்காகப் பொய்யை எழுதச் சொன்ன ஹெக்டர், மற்றவர்களுக்காகப் பொய்யாகக் கை தூக்கிய கெசியா, உண்மையைச் சொல்லித் தீவுக்கு வரவிருந்த வேலைகளை இழந்த லூரீன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: லூரீன் செய்ததே சரி. நடந்து முடிந்ததை வைத்துப் பார்த்தால் ஹெக்டர் ஜெயித்ததுபோல் தோன்றும். ஆனால் எழுதச் சொன்ன அன்று, நிறுவனம் நிலைக்கும் என்று அவரே நம்பவில்லை. அடுத்தவர் நஷ்டத்தில் தர்மம் செய்யப் பார்த்தார், அதற்கும் இன்னொருத்தியின் கையெழுத்தைக் கேட்டார். கெசியாவின் மனம் நல்லது. ஆனாலும் அவள் தன் பாரத்தை லூரீனின் தலையில் இறக்கிவிட்டு விமானம் ஏறினாள். நாற்பத்தொரு பேர் மூன்று வருடம் எங்கே வாழ்வார்கள் என்று வாக்குக் கொடுக்க எந்த அலுவலகத்துக்கும் உரிமையில்லை. லூரீன் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னாள். அதனால் சொந்தத் தீவில் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். சரியானதைச் செய்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.