வடிகால் புள்ளி

கோயம்புத்தூரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகம். அங்கே குருவுக்கு முப்பது வயது, சீடருக்கு ஐம்பத்து மூன்று. குருவின் பெயர் கோகிலவாணி. சீடர் தங்கமுத்து. வயதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கணினியில் கட்டடம் எழுப்பும் வித்தையை ஒன்றரை வருடமாக அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு தங்கும் விடுதிக்காக, கூரையை ஒட்டித் தொங்கும் ஏசி பெட்டி ஒன்றின் மாடலை அவர் செய்திருந்தார். பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் கனெக்டர் என்ற புள்ளியை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் குழாய் தானாக வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். நிஜப் பெட்டியில் அந்த வாய் பக்கவாட்டில், அடி ஓரத்தில் இருந்தது. தங்கமுத்து அளவுத்தாளைப் பார்க்கவில்லை. மவுஸ் தானாகப் போய் நின்ற நடுமையத்திலேயே புள்ளியை வைத்துவிட்டார். குழாய் ஒட்டியது. திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கைகூட வரவில்லை. விடுதிப் படத்தின் நாற்பத்திரண்டு அறைகளிலும் அதே பெட்டி போய் உட்கார்ந்தது.

அந்தப் படத்தை நம்பிச் சுவரைத் துளைத்துக் குழாய் போட்டார் ஃபிட்டர் சூசை. பெட்டிகள் அப்புறம்தான் வந்தன. பெட்டியின் வாய் கீழே, குழாய் அரைச் சாண் மேலே. தண்ணீர் மேலே ஏறுமா? சோதனை ஓட்டத்திலேயே கூரை ஒழுகியது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், பத்துப் பேர் முன்னால் சூசை சொன்னார்: "படத்துல இருக்கறபடிதானுங்க போட்டேன்."

"படமெல்லாஞ் சரியாத்தான் இருக்குதுங்க. மாட்டுனதுலதான் கோளாறு" என்றார் தங்கமுத்து. படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அன்றைக்கே சூசையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய் காலை, கூட்டத்துக்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று மாடலைத் திறந்தார். அளவுத்தாளில் வாய் அடி ஓரத்தில், அவர் வைத்த புள்ளியோ நடுமையத்தில். முகத்தில் ஈயாடவில்லை. போன வாரம் தான் சொன்ன வார்த்தையே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது. யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று உடனே தோன்றியதே, அது இன்னும் பெரிய அவமானமாக இருந்தது.

பெட்டியின் மாடலில் கை வைத்தால் யார் மாற்றியது என்று பதிவாகிவிடும். அதனால் அதைத் தொடாமல், விடுதிப் படத்தில் ஒவ்வோர் அறையாகப் போய்க் குழாயைக் கீழே நெளித்துவிட ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எட்டு அறை முடிந்தபோது பின்னால் கோகிலவாணி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"கொழாயக் கொஞ்சம் எறக்கறேனுங்க மேடம்."

"ஒவ்வொண்ணாவா?"

அவர் ஒன்பதாவது அறையைத் திறந்தார்.

"கொழாய் என்னங்கண்ணா தப்புப் பண்ணுச்சு?"

மவுஸிலிருந்து தங்கமுத்துவின் கை தானாக விலகியது. "புள்ளிய நாந்தானுங்க தப்பா வெச்சேன். இப்ப எப்படித் திருத்தறதுங்க?"

"எந்த எடத்துல வெச்சீங்களோ, அந்த எடத்துக்கே போய் எடுங்க."

மாடலுக்குள் போனார். அளவுத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புள்ளியை அடி ஓரத்துக்கு நகர்த்தினார். அறைகள் எல்லாவற்றிலும் குழாய்கள் ஒரே நேரத்தில் இறங்கின. அவர் நெளித்த எட்டு மட்டும் கோணிக்கொண்டு நின்றன. அவற்றை அழித்துப் புதிதாக இழுத்தார்.

"அவ்வளவுதானுங்களா மேடம்?"

"மாடலுக்கு அவ்வளவுதான்."

தங்கமுத்துவின் தலை நிமிரவில்லை. "சூசை வீடு உக்கடத்துலதானுங்க. சாயங்காலம் நானே போய் அவரு கால்ல வேணாலும் விழுந்தர்றேன். கூட்டத்துல மட்டும் இதப் பத்திப் பேச வேண்டாமுங்க. இந்த வயசுல, அத்தன பேர் முன்னால..."

கோகிலவாணி மணியைப் பார்த்தாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. எதிரே இருந்த கூட்ட அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

"சூசை மேல பழியப் போட்டது எந்த எடத்துலீங்கண்ணா?"