கரடிக்குப் போட்ட தனி இலை

நாவல்காட்டில் வேம்பன் என்றொரு கரடி இருந்தது. அதன் முன்காலில் ஒரு புண். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. காட்டு வைத்தியரான நாரை புண்ணைப் பார்த்தது, நாக்கைப் பார்த்தது, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது:

"சர்க்கரை நோய்! தேன் கூடாது, வெல்லம் கூடாது, கிழங்கு கூடாது. மீறினால் காலே போய்விடும்!"

இதைக் கேட்டு வேம்பனைவிட அதிகமாகக் கலங்கியது அதன் தோழி அஞ்சலைதான். அஞ்சலை ஒரு முள்ளம்பன்றி. மாதம் ஒருமுறை நண்பர்களைத் தன் வளைக்கு அழைத்து, தன் கையால் சமைத்துப் போடாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

'ஊரே விருந்து சாப்பிட, வேம்பன் அண்ணன் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? நடக்காது!' என்று தீர்மானித்தது அஞ்சலை.

அந்த மாத விருந்தில் வேம்பனுக்கென்றே சாமைச் சோறு வடித்தது. கொள்ளு ரசம் வைத்தது. முருங்கைக்கீரை வதக்கியது. இளநீர் வழுக்கையை மசித்து, தேங்காய்ப்பாலில் கலந்து, ஏலக்காய் தட்டிப் போட்டுப் பாயசமும் செய்தது. ஒரு துளி வெல்லம் சேர்க்கவில்லை. மற்றவர்களுக்கு வழக்கம்போல் வள்ளிக்கிழங்கு வறுவலும் தேன் சொட்டும் தினைமாவு உருண்டையும்.

கை தவறி வேம்பனின் இலையில் தேன் விழுந்துவிட்டால்? அந்தப் பயத்தில், பந்தியை விட்டு விலக்கி, வாசலோரம் அதற்கு ஒரு தனி இலை போட்டது. இருப்பதிலேயே அகலமான இலை!

வேம்பன் நொண்டிக்கொண்டே வந்தது. பந்தியைப் பார்த்தது. வாசலோர இலையைப் பார்த்தது.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அண்ணே! உங்களுக்கு மட்டும் தனியாக!" என்றது அஞ்சலை பெருமையோடு.

வேம்பனின் பிடரி மயிர் எழுந்து நின்றது.

ஒரு காலத்தில் அந்தக் காட்டைப் புலிகள் ஆண்டன. புலி வீட்டு விருந்தில் எல்லோருக்கும் உள்ளே பந்தி. கரடிகளுக்கு மட்டும் வாசலோரம் தனி இலை. "உங்கள் நாற்றம் எங்களுக்கு ஆகாது" என்று புலிகள் சொல்லும். இளைஞனாக இருந்த வேம்பன்தான் அந்த இலையை மிதித்துவிட்டு முதலில் எழுந்தது. பதினோரு நாள் புலியின் வாசலில் பட்டினி கிடந்தது. அடியும் வாங்கியது. கடைசியில் பந்தி ஒன்றானது. ஆண்டவன் ஒன்றும் இறங்கிவந்து அதை மாற்றவில்லை. அதை மாற்றியது கரடிகள்.

"புலி போட்ட இலையை நீயும் போட்டுவிட்டாயே, அஞ்சலை!"

அவ்வளவுதான். வேம்பன் திரும்பி நடந்துவிட்டது.

"நல்ல சோறு போட்டதற்கு இவ்வளவு கோபமா!" என்று வாய் நிறையக் கிழங்கோடு சிரித்தது சடையன் என்ற குரங்கு. அஞ்சலைக்குச் சிரிப்பு வரவில்லை. வேம்பன் எந்தத் திசையில் போனது என்பதை அது பார்த்துவிட்டது. அது தேன்மரத்தின் திசை!

அஞ்சலை ஓடியது. மரத்தடியில் வேம்பன் நிமிர்ந்து நின்றது. தலைக்கு மேலே ஒரு முழத்தில் தேனடை தொங்கியது.

"அண்ணே, வேண்டாம்! கால் போய்விடும்!"

"போகட்டும்! மானம் போன பிறகு கால் எதற்கு?"

"தேன்மேல் அவ்வளவு ஆசையா?"

"தேனா? யாருக்கு வேண்டும் தேன்!" என்று உறுமியது வேம்பன். "கசப்புக் கஷாயத்தைக் கொடு, எல்லோரோடும் உட்கார்ந்து குடிக்கிறேன். ஒதுக்கி வைத்து அமுதம் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்!"

அஞ்சலைக்கு அப்போதுதான் உறைத்தது.

"தப்பு என்னுடையதுதான் அண்ணே. சமையலைப் பார்த்தேன், பந்தியைப் பார்க்கவில்லை. நாளைக்கு வாருங்கள். ஒரே பந்தி, ஒரே சமையல்."

"வாய்ப்பேச்சு நிறையக் கேட்டவன் நான். சோதித்துப் பார்த்துத்தான் உட்காருவேன்!"

"தாராளமாக!"

மறுநாள் அஞ்சலை எல்லோருக்கும் சாமைச் சோறு வடித்தது. "எனக்கென்ன நோயா? உருண்டை இல்லாமல் ஒரு விருந்தா?" என்று சடையன் முனகியது. "பிடிக்காவிட்டால் எழுந்து போ!" என்றது அஞ்சலை. சடையன் எழவில்லை.

வேம்பன் வந்தது. சொன்னபடியே பந்தியின் பின்னால் நடந்து ஒவ்வோர் இலையையும் சோதித்தது. முயலின் இலையில் ஒரு வாய். மயிலின் இலையில் ஒரு வாய்.

"என் சோற்றில் எதற்கு அண்ணே கை வைக்கிறீர்கள்?" என்று பதறியது சடையன்.

வேம்பனின் மூக்கு விடைத்தது. குனிந்து சடையனின் தொடைக்கு அடியில் கையை விட்டது. ஒரு தினைமாவு உருண்டை வெளியே வந்தது! நேற்று மிஞ்சியது!

அஞ்சலையின் முட்கள் சிலிர்த்து நின்றன. 'போயிற்று! திரும்பவும் தேன்மரத்துக்குத்தான் போகப்போகிறது!'

வேம்பன் உருண்டையைப் பார்த்தது. சடையனின் முழியைப் பார்த்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது.

"அட திருட்டுப்பயலே! இவன் என்னை ஒதுக்கவில்லை அஞ்சலை. இவனால் வாயைக் கட்ட முடியவில்லை. அவ்வளவுதான்! நகர்ந்து உட்காரடா!"

உருண்டையை எறும்புப் புற்றில் போட்டுவிட்டு, சடையனுக்கும் முயலுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அஞ்சலையின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறத் தொடங்கியது.

இளநீர்ப் பாயசத்தைச் சடையன் வேண்டாவெறுப்பாக நக்கியது. பிறகு இலையைத் தூக்கி வழித்தது. "இன்னும் கொஞ்சம் ஊற்று அக்கா!" என்றது.

"அவனுக்கு ஊற்றினால் எனக்கும் ஊற்று!" என்றது வேம்பன்.

அன்றிலிருந்து மாத விருந்தில் ஒரே அடுப்பு, ஒரே சமையல். வேம்பனும் அதன்பின் தேன்மரத்தின் பக்கமே போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அதன் புண் காய்ந்துவிட்டது. நாரை வந்து பார்த்துவிட்டு, "கால் தப்பியது!" என்று சொன்ன அன்று அஞ்சலை நிம்மதியாகத் தூங்கியது.

நோயுற்ற நண்பனுக்குப் பத்தியம் சமைத்தால் மட்டும் போதாது. அவனைப் பந்தியில் சேர்த்துக்கொண்டு, அதையே நாமும் உண்ண வேண்டும்.