சத்தம் போடும் வெண்ணெய்

"சாமி, நான் ஊருக்குப் போறேனுங்க," என்றார் செங்கோடன்.

"ஏனுங்க?" என்று கேட்டார் மடத்துச் சாமி. வயதில் செங்கோடனைவிடச் சின்னவர்.

"அமைதி கிடைக்கும்னு வந்தேன். கண்ணை மூடி உக்காந்தா உள்ளே ஒரே சத்தம். வர்றப்பக்கூட இத்தனை இல்லைங்க. பங்காளி, டீசல் பங்க்குக்காரன், செத்துப்போன எங்கப்பன், ஒருத்தரை விடாமச் சண்டை போடறேன்."

செங்கோடன் போர்வெல் வண்டி ஓட்டிச் சம்பாதித்தவர். பாறையைத் துளைக்கிற சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பழகியவர். வீட்டிலும் அதே குரல்தான். வீட்டில் என்ன பாறையா இருந்தது? பெண்டாட்டியும் மகளும்தான் இருந்தார்கள்.

மகள் தேன்மொழிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். மணவறையில் சத்தம் போடமாட்டார் என்றால் அப்பா தாரை வார்க்கட்டும், இல்லாவிட்டால் சித்தப்பா வார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். இன்று போன் செய்து முடிவு கேட்பாள். அந்த ஒன்றுக்காகத்தான் மனிதர் மடத்துக்கே வந்தார்.

சாமி அவரை மடைப்பள்ளிக்கு அழைத்துப்போனார். வெண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

"விளக்குக்கு நெய் தீந்துபோச்சுங்க. காய்ச்சிக் குடுத்துட்டுப் போங்க."

செங்கோடன் நெய்யை ஊற்றிச் சாப்பிட்டவரே தவிர, காய்ச்சியவர் இல்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

வெண்ணெய் இளகியது. சத்தமே இல்லாமல் உருகி மஞ்சளாகப் பரந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் நுரை கட்டியது. பிறகு படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. ஒரு சொட்டுத் தெறித்து அவர் கையைச் சுட்டது.

"எதுக்கு இந்தக் கத்துக் கத்துது?" என்று சிடுசிடுத்தார். துணியால் சட்டியைப் பிடித்துக் கீழே இறக்கினார். சற்றைக்கெல்லாம் சத்தம் நின்றது.

"ஆயிருச்சுங்க."

சாமி ஒரு கரண்டி எடுத்து அகலில் ஊற்றித் திரியைப் பற்றவைத்தார்.

திரி சடசடவென்று பொரிந்தது. துடித்துத் துடித்து அணைந்தது.

"சத்தம்தான் அடங்கிருச்சே, அப்புறம் என்னங்க?"

"அடங்கலைங்க. நீங்க இறக்கிட்டீங்க."

சட்டி மறுபடி அடுப்புக்குப் போனது. முன்னைவிட அதிகமாகக் கத்தியது. செங்கோடன் எழுந்தார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார், போனை எடுத்துப் பார்த்துப் பையில் போட்டார். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"அடுப்பை அணைச்சிரலாமுங்களா?"

சாமி ஒரு தட்டைச் சட்டிக்கு மேலே பிடித்தார். பிறகு திருப்பிக் காட்டினார். தட்டு முழுக்க நீர்த்துளிகள்.

"தண்ணி நான் ஊத்தலைங்களே?"

"உள்ளேயே இருந்ததுங்க. வெண்ணெய் கெட்டியா இருந்தப்ப அதும் பேசாம இருந்துச்சு. இப்ப வெளியே போகுது. சத்தமில்லாமப் போகத் தெரியாதுங்க அதுக்கு."

"எப்பங்க முடியும்?"

"எவ்வளவு இருக்குதோ, எனக்கெப்படித் தெரியும்?"

போன் அடித்தது. தேன்மொழிதான்.

"அப்பா, பத்திரிகை வாங்கினவங்க எல்லாம் யாரு தாரை வார்க்கறதுன்னு கேக்கறாங்க. இன்னிக்குச் சொல்லியாகோணும். சத்தம் போட மாட்டீங்களே?"

சத்தியமாக மாட்டேன் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ தடவை சொன்ன பதில். செங்கோடன் அணைந்த திரியைப் பார்த்தார்.

"தெரியலை அம்மிணி," என்றார். "போட்டாலும் போட்டுருவேன். இன்னும் உள்ளே நிறைய இருக்குது. சித்தப்பனையே வார்க்கச் சொல்லிரு."

அடுப்பில் சட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"நீங்களே வந்து வார்த்துக் குடுங்கப்பா," என்றாள் தேன்மொழி.

"ஏன் அம்மிணி?"

"போடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுவீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குப் பயமா இருக்கும்."