ஆழிமங்கையின் பலகை

சேந்தன் குன்றேறி வந்தபோது குரு மருதவாணர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவரிடம் பாடம் கேட்டவன் அவன். இப்போது அரசனின் போர்க்கப்பல் ஒன்றுக்குத் தலைவன். வணங்கியவன் உட்காரவில்லை.

"குருவே, ஒரு கப்பலின் பெயரைக் கைவிடலாமா?"

"எந்தக் கப்பல்?"

"ஆழிமங்கை."

குரு கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார். அந்தக் கரையில் எல்லோரும் அறிந்த பெயர் அது. முதல் ஆழிமங்கை பகைவரிடமிருந்து துறைமுகத்தைக் காத்தது. அது முதுமையடைந்து பிரிக்கப்பட்டபோது, அதன் அடிப்பலகை ஒன்றைப் புதிய கப்பலில் பதித்து, அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்தக் கடற்படையின் வழக்கம் அப்படி. பெயரோடு மரமும் போக வேண்டும்.

இரண்டாவது ஆழிமங்கை காற்றே இல்லாத ஒரு பகலில், கரையிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆரவாரமில்லாமல் அமிழ்ந்துபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. சேந்தனின் அண்ணன் ஆதன் அதில் இருந்தான். கரை ஒதுங்கியது ஒரே ஒரு பலகைதான். அது இப்போது மூன்றாவது ஆழிமங்கையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கப்பல்தான் சேந்தனுடையது.

"அந்தப் பெயர் உன்னை என்ன செய்தது?"

"தட்டுகிறார்கள், குருவே."

சேந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பொழுது சாய்ந்து கடல் ஏறும் நேரத்தில், வெளியே, நீருக்கடியிலிருந்து அந்தப் பலகையை மட்டும் யாரோ தட்டுகிறார்கள். மெதுவாக இரண்டு, பலமாக ஒன்று. படகில் சுற்றிப் பார்த்தாயிற்று, மூழ்கியும் பார்த்தாயிற்று. யாருமில்லை. பலகைக்குப் போர்த்திய பட்டு தினமும் நனைந்து கிடக்கிறது. நாக்கில் வைத்தால் உப்பு. செத்தவர்கள் அழுகிறார்கள் என்று மாலுமிகள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். கடைசியாக மூட்டையோடு இறங்கியவன் சமையல்காரன் பொன்னான். போகும்போது சொன்னான்:

"கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி தினமும் கூப்பிடுகிறார்கள், தலைவரே. மொய்க்கு உயிரை எழுதச் சொன்னால் நான் என்ன செய்வேன்?"

வரும் பௌர்ணமிக்குள் கப்பல் புறப்படாவிட்டால் பெயரைச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லி அரசனின் ஆணை. பெயரும் போனால் கடலோடு போனவர்களுக்கு இந்த உலகத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆதனுக்கு ஒரு கல்கூட நட்டதில்லை.

"வா, பார்ப்போம்" என்று குரு எழுந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஆளில்லாத கப்பல் அசையாமல் நின்றது. சேந்தன் விளக்கோடு முன்னால் இறங்கினான். அடித்தளத்தில் பூ அழுகிய வாசனை. பட்டும், மாலைகளும், மஞ்சளும், குங்குமமுமாகப் பலகை ஒரு சன்னிதிபோல இருந்தது. அதன் கீழே ஏற்றியிருந்த அகல் அணைந்து கிடந்தது.

"தச்சர்கள் மற்ற பலகைகளின் இடுக்குகளை எல்லாம் பஞ்சு வைத்து அடைத்தார்களே, இதை?"

"தொட விடவில்லை, குருவே. இதன்மேல் உளி படக்கூடாது என்று நான்தான் சொன்னேன்."

"இரண்டாவது கப்பலில் முதல் கப்பலின் பலகை எப்படி இருந்தது?"

"வெள்ளித் தகடு போர்த்தியிருந்தார்கள். அதையும் யாரும் தொட்டதில்லை."

குரு நனைந்த பட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக இரண்டு. பலமாக ஒன்று. குரு பலகையில் காதை வைத்து, வீட்டு வாசலில் நிற்பவரின் பேச்சைக் கேட்பதுபோலக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மாலைகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். பட்டுத்துணியை உருவினார். தச்சர்கள் விட்டுப்போன கூடையிலிருந்து பஞ்சையும், குங்கிலியம் காய்ச்சிய எண்ணெயையும், மழுங்கிய உளியையும், மரச்சுத்தியையும் எடுத்துச் சேந்தனிடம் நீட்டினார்.

"அடி."

"அண்ணன் மேலேயா?"

குரு நீட்டிய கையை மடக்கவில்லை.

சேந்தன் விளக்கைக் குருவிடம் கொடுத்து, கருவிகளை வாங்கிக்கொண்டு மண்டியிட்டான். பலகையின் இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சை வைத்தான். பஞ்சு நுழைய உளியின்மேல் மெதுவாக இரண்டு அடி. அது இறுக, பலமாக ஒன்று. அடுத்த விரற்கடைக்கு நகர்ந்தான். மெதுவாக இரண்டு, பலமாக ஒன்று. சட்டென்று அவன் கை நின்றது.

அவன் கை நின்ற பிறகும் வெளியே அதே தாளம் கேட்டது.

அவன் திரும்பிக் குருவைப் பார்த்தான். அவர் விளக்கைக் கொஞ்சம் கிட்டே பிடித்தார். அவன் மறுபடி அடிக்கத் தொடங்கினான். உள்ளே ஒரு அடி, வெளியே ஒரு அடி. ஒரு மரத்தின் இரண்டு பக்கமும் இருவர் உட்கார்ந்து வேலை செய்வதுபோல இருந்தது. இடுக்கின் கடைசி மூலைக்கு வந்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். கடைசி அடி விழுந்தது.

வெளியே சத்தமில்லை. உள்ளங்கையால் பலகையைத் தடவினான். நீர் கசியவில்லை. பொழுது முழுக்க இருட்டும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். தட்டும் சத்தம் அதன்பின் வரவில்லை.

"அண்ணன் என்னை அங்கே வரச்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன், குருவே."

குரு பட்டை எடுத்துப் பிழிந்தார். கடல்நீர் சேந்தனின் காலடியில் கொட்டியது.

"வரச்சொல்லவில்லை. ஒழுகுகிறது என்று சொன்னான்."