மாப்பிள்ளைக்கு ஒரு கிளாஸ்

“அவர் தொடவே இல்லம்மா” என்றார் மாசிலாமணி.

பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னது இது. தோளில் ஒரு முழுப் பலாப்பழம் வேறு. அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை மனிதருக்கு.

செலஸ்தீன் முதலில் பழத்தை இறக்கச் சொன்னார். பிறகு உட்காரச் சொன்னார். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“எதைத் தொடல?”

“கிளாஸை.”

“நீங்க கலந்ததையா?”

“நான் கலந்ததைத்தான்.”

செலஸ்தீன் ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் பல வருஷம் நின்று கலந்தவர். இப்போது வீட்டோடு இருக்கிறார். நம் ஊரில் டீ ஆற்றுகிறவர் மாஸ்டர், பரோட்டா வீசுகிறவர் மாஸ்டர், சட்டை தைக்கிறவரும் மாஸ்டர். அந்த வழக்கப்படி இவர் மாஸ்டரம்மா. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். வாய் அதிகம் பேச மாட்டார். கேட்ட கேள்விக்கு நேரான பதில் வந்துவிட்டால் அன்றைக்கு மாஸ்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

மாசிலாமணிக்கோ நாக்கில் ஒரு சொட்டு பட்டதில்லை. பாத்திரக்கடை வைத்திருக்கிறார். குக்கர் கேட்டு வருகிறவரிடம், அது உங்களுக்குச் சரிப்படாது, இதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று இன்னொன்றைக் கையில் திணிப்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும். அதுதான் தொல்லை.

மகள் வடிவு தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டபோதும் இதே குரலில்தான் சொன்னார், சரிப்படாது என்று. வேற ஆளுங்க என்றார். கல்யாணத்துக்குப் போகவில்லை. பேத்தி பிறந்தபோதும் போகவில்லை. இன்பராஜ் என்ற பெயர் அவர் வாயில் வந்ததே கிடையாது. ‘அந்தப் பையன்’ என்பார்.

போன வருஷம் மனைவி கோமதிக்குச் சென்னையில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. மாசிலாமணி பயத்தில் ஒடுங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவன் அந்தப் பையன். மாமியாருக்குக் கஞ்சியை ஆற்றி ஊட்டியவனும் அந்தப் பையன்தான். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.

மாசிலாமணிக்கு அப்போதுதான் மனசு இளகிப்போயிற்று. தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடத் தவித்தார். வாய் வரவில்லை. வாய் வராவிட்டால் என்ன, கையால் ஏதாவது செய்து கொடுப்போம் என்று நினைத்தார்.

மகளிடம் நைசாக விசாரித்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு கிளாஸ், அவரே கலந்து, மெதுவாக உட்கார்ந்து குடிப்பாருப்பா, வேற ஒரு பழக்கமும் இல்லை என்றாள் வடிவு. விஸ்கியில் செய்வது. ஓல்ட் ஃபேஷன்ட் என்று பெயர். அதற்குப் பழைய மோஸ்தர் என்று அர்த்தம் என்று தெரிந்ததும், நம்மைத்தான் ஜாடையாகச் சொல்கிறார்களோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

அப்படித்தான் மாஸ்டரம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

வேலை என்னவோ சின்னதுதான். கிளாஸில் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன் தலையில் பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாற்றில் சில சொட்டு. நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு நசுக்க வேண்டும். கரைந்த பிறகு விஸ்கி, பெரிய ஐஸ் கட்டி ஒன்று. கரண்டியால் மெதுவாகச் சுற்ற வேண்டும், அடிக்கக் கூடாது. கடைசியில் ஆரஞ்சுத் தோலை மெல்லிசாகச் சீவி, கிளாஸின் மேலே முறுக்கிப் பிழிந்து உள்ளே போட வேண்டும். வெள்ளைப் பகுதி சேர்ந்து வந்தால் கசந்துபோகும்.

கேட்க லேசாக இருந்தது. கை வருவதற்குள் பாதிக் கோடை போய்விட்டது. வாயில் வைக்காமல் மூக்கையும் கண்ணையும் வைத்தே கற்றார். வரும்போதெல்லாம் ஒரு பலாப்பழம் கொண்டுவருவார். அவர் சர்க்கரையோடு மல்லாடிக்கொண்டிருக்கும்போதே செலஸ்தீன் அதை அறுத்து, பிசின் ஒட்டாமல் சுளை எடுத்து, தட்டில் அடுக்கிவிடுவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மரியாதைக்கு இரண்டு சுளை எடுத்துக்கொண்டு கிளம்புவார் மாசிலாமணி.

அத்தனையும் கற்றுக்கொண்டு போய்க் கலந்ததைத்தான் மாப்பிள்ளை தொடவில்லை.

“என்ன நடந்துச்சு?”

சொன்னார். போன சனிக்கிழமை மகள், மாப்பிள்ளை, பேத்தி மூன்று பேரும் வந்திருந்தார்கள். புருஷன் பாட்டிலும் கையுமாக வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த கோமதி அதை வாங்கி, பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். சாயங்காலம் இவர் கூடத்தில் மேஜையைப் போட்டு, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்து, மாப்பிள்ளையை எதிரே உட்கார வைத்துக் கலந்தார். ஒரு பிசகு இல்லை. இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

இன்பராஜ் எழுந்து நின்றுவிட்டான். உங்க முன்னாடி எப்படிங்க என்றான். பரவாயில்லை, குடிங்க என்று இவர் சொல்லச் சொல்ல அவன் கையைக் கட்டிக்கொண்டான். பெரியவர்கள் எதிரில் கால்மேல் கால் போட்டுக்கூட உட்காராத பையன். ஐஸ் முழுக்கக் கரைந்து தண்ணீராயிற்று. வேலை இருக்கிறது என்று சொல்லி அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

“மரியாதை கொடுத்தே கொல்றாரும்மா. நான் உள்ள வந்தா எழுந்துக்கறாரு. நான் பேசினா தலையாட்டறாரு. ஒரு வார்த்தை திட்டினாக்கூடத் தேவலை. எனக்கும் வயசாயிட்டுது, இப்படியே போய்ச் சேர்ந்துடுவேனோன்னு பயமா இருக்கு.”



செலஸ்தீன் கிளாஸை எடுத்து வைத்தார்.

“எனக்கு ஒண்ணு கலந்து கொடுங்க.”

கலந்து கொடுத்தார். செலஸ்தீன் ஒரு வாய் குடித்தார்.

“நல்லா இருக்கு. குறை ஒண்ணும் இல்ல.”

மாசிலாமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செலஸ்தீன் இன்னொரு வாய் குடித்தார். அதற்கும் இவர் பார்த்தார்.

“நல்லா இருக்குன்னு சொல்லிட்டேனே.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

செலஸ்தீன் கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். தரையில் பேப்பரை விரித்துப் பலாப்பழத்தை உருட்டிப் போட்டார். கத்தியை எடுத்தார். கையில் எண்ணெய் தடவவில்லை. கத்தியிலும் தடவவில்லை. விறகு பிளக்கிற மாதிரி ஒரே போடாகப் போட்டார். கத்தி உள்ளே சிக்கிக்கொண்டது. பிடித்து இழுத்ததில் பிசின் முழங்கை வரைக்கும் வழிந்தது.

மாசிலாமணியால் இதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை.

“அய்யய்ய, அப்படியில்லம்மா. தாங்க இப்படி.”

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எண்ணெய் கேட்டு வாங்கினார். இரண்டு கையிலும் தடவி, கத்தியிலும் தடவி, பழத்தைக் குறுக்கே பிளந்தார். நடுத்தண்டைச் சீவி எடுத்தார். கசிந்த பிசினைக் காகிதத்தால் ஒற்றி எடுக்கக் காட்டிக் கொடுத்தார். இப்ப நீங்க செய்யுங்க என்றார். செலஸ்தீன் செய்தது தப்பாகப் போயிற்று. இவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி காட்டினார். தட்டிப் பார்த்துப் பழம் வாங்குவது எப்படி, வியாபாரி எங்கே ஏமாற்றுவான், கொட்டையை எப்படிச் சுட்டால் வெடிக்காது என்று வாய் ஓயவில்லை. பழம் வாங்கத் தெரியாத ஒரு தாசில்தாரின் கதையைச் சொன்னார். செலஸ்தீன் சிரித்தார். அதைப் பார்த்து இவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு வந்தது. வாய் நிறையச் சுளையோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பக்கத்திலேயே இருந்த பாதிக் கிளாஸை, பேச்சுக்கு நடுவில் செலஸ்தீன் எப்போது குடித்து முடித்தார் என்று அவர் பார்க்கவில்லை. இத்தனை நாள் கொண்டுவந்த பழங்களையெல்லாம் இந்த அம்மாள் எப்படி அறுத்தார் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

கையைக் கழுவும்போதுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

“மாப்பிள்ளைக்கு என்ன செய்யறதுன்னு நீங்க ஒண்ணும் சொல்லலையே.”

“நான் கத்துக்கொடுத்ததை மறந்துட்டுப் போங்க.”

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

“இந்த வெயில்ல பஸ் ஏறி ஏறி வந்து கத்துக்கிட்டது. அதையா?”

“அதைத்தான்.”

“அதை எப்படி மறக்கறது?”

செலஸ்தீன் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழி முழுக்கப் பொருமிக்கொண்டே போனார் மாசிலாமணி. வீட்டுக்குப் போய் மறக்கவும் முயன்று பார்த்தார். மறக்க நினைக்க நினைக்க அதுதான் முன்னால் வந்து நின்றது. கடையில் ஒரு அம்மாளுக்கு இட்லிப் பானை எடுத்துக் கொடுக்கும்போது, விரல்கள் பாட்டுக்கு அந்தரத்தில் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தன. கைக்கு என்ன ஆச்சு, டாக்டரிடம் காட்டலாமா என்றுகூடக் கோமதி கேட்டுவிட்டாள்.

அடுத்த தடவை பிள்ளைகள் வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். இந்த முறை அவர் மேஜை போடவில்லை. கலக்கிக் கொடுக்கும் தைரியம் போய்விட்டது. சமையலறை மேடைமேல் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, அதன் எதிரில் சும்மா நின்றுகொண்டிருந்தார். கூடத்தில் பேத்தி யாரையோ டீச்சர் மாதிரி அதட்டிக்கொண்டிருந்தது.

இன்பராஜ் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். அவரையும் பாட்டிலையும் பார்த்தான். பார்க்காதவன் மாதிரித் திரும்பினான்.

“ஒரு நிமிஷம்” என்றார் மாசிலாமணி.

அவன் நின்றான்.

கூப்பிட்டுவிட்டாரே தவிர என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டிலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

“இதை எப்படிக் கலக்கறது மாப்பிள்ளை?”

“போன தடவை நீங்களே கலந்தீங்களே.”

“மறந்துபோச்சு.”

“மறந்துட்டீங்களா?”

“சுத்தமா.”

இன்பராஜ் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவருக்குக் காது சிவந்துவிட்டது. அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு மேடைப் பக்கம் வந்தான்.

எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தான். முதலில் விஸ்கியை ஊற்றினான். அதில் டப்பாச் சர்க்கரையை அள்ளிப் போட்டான். பிட்டர்ஸை மருந்து மாதிரி மளமளவென்று விட்டான். கழுவி வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலில் எல்லாவற்றையும் ஐஸோடு கொட்டி, மூடியைத் திருகிக் குலுக்கினான். மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் பதறியது. அதற்குப் பிறகு ஆரஞ்சுத் தோலைக் கையாலேயே, வெள்ளையும் மஞ்சளுமாகக் கொத்தாகப் பிய்த்தான்.

வெள்ளை வந்தா கசக்கும் மாப்பிள்ளை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

விழுங்கிவிட்டார். இந்த வயசுவரைக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதே இல்லை அவர். அதனால்தானோ என்னவோ, தொண்டையில் கொஞ்சம் வலித்தது.

இன்பராஜ் கிளாஸில் ஊற்றிக் கரண்டியால் ருசி பார்த்தான். புருவத்தைச் சுருக்கினான். கிளாஸையே எடுத்து ஒரு வாய் குடித்தான்.

“இதான் பக்குவம்.”

சொன்ன பிறகுதான் யார் எதிரில் நிற்கிறோம் என்று உறைத்தது. கிளாஸ் பாதி வழியில் நின்றுவிட்டது.

மாசிலாமணி சர்க்கரை டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சர்க்கரை எவ்வளவு போட்டீங்க?”

“ரெண்டு ஸ்பூன்” என்றான் அவன், மெதுவாக.

“ரெண்டா? நான் ஒண்ணுன்னு நினைச்சேன்.”

“ஒண்ணு பத்தாது.” கிளாஸ் மறுபடி வாய்க்குப் போயிற்று. “இப்ப நீங்க ஒண்ணு போடுங்க. நான் பார்க்கறேன்.”

மாசிலாமணி போட்டார். அவன் செய்த மாதிரியே விஸ்கியை முதலில் ஊற்றினார். சர்க்கரையைக் குவித்து நாலு கரண்டி போட்டார். பழகின கை பழைய வழிக்கே போகப் பார்த்தது. அதை அடக்குவதற்காகக் கரண்டியை வேகவேகமாகச் சுழற்றினார். மேடையெல்லாம் தெறித்தது.

“ஐயோ மாமா, மோரா கடையறீங்க?”

இன்பராஜ் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். பிடித்த கையை விடாமல், அவர் கையோடு சேர்த்துக் கரண்டியை மெதுவாகச் சுற்றினான். இப்படி, இப்படி என்றான். அவன் உள்ளங்கை சூடாக இருந்தது. மாசிலாமணி குனிந்து கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது, நிமிர முடியவில்லை.

அவன் அதையும் எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டது.

“இது பாயசம்.”

“வரலையா?”

“வரல.”

“எனக்கு இது லேசுல வராது போலிருக்கே மாப்பிள்ளை” என்றார் மாசிலாமணி.

இன்பராஜ் மேடையில் தெறித்திருந்ததைத் துணியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்.

“வராது மாமா. நாள் பிடிக்கும். நான் அடிக்கடி வரேன்.”