மாந்தளிரின் பின்பக்கம்

உலகம்மாளின் தகடு மறுபடியும் வெடித்தது. உலையிலிருந்து எடுத்து ஆற வைத்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எனாமல் பூச்சு மேலிருந்து கீழாகக் கீறல் விட்டது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

நாகர்கோவிலில் எனாமல் நகை செய்யக் கற்றுக்கொடுக்கிற ஜெபக்கனிக்கு உலகம்மாளின் வயதில் பாதிதான் இருக்கும். இருந்தாலும் உலகம்மாளுக்கு அவள் டீச்சர்.

உலகம்மாள் செய்ய நினைத்தது ஒரே ஒரு பதக்கம். அதுவும் ஆசைக்கு இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற புருஷனுக்கு ஜன்னலோர மாமரம்தான் எல்லாமாக இருந்தது. செந்தளிருக்குள் புகுந்து வருகிற காலை வெயிலைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் கஞ்சி குடிப்பார். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வாயைத் திறக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அந்தத் தளிர் வெளிச்சத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்தால் ஒருவேளை திரும்புவார் என்று நினைத்தாள். பாவம், வேறு என்னதான் செய்வாள்?

இன்றைக்கு விட்டால் இனி வர முடியாது. அவருக்குத் துணையிருக்கிற பக்கத்து வீட்டுக்காரி நாளைக்கு மகள் வீட்டுக்குப் போகிறாள்.

"ஏன் டீச்சர் வெடிச்சிக்கிட்டே இருக்கு?"

ஜெபக்கனி தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளி. பின்னாலும் பூச வேண்டும் என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். உலகம்மாளும் தலையை ஆட்டினாள். ஆனால் அதை யார் பார்க்கப் போகிறார்கள், அந்த நேரத்தில் முன்பக்கம் இன்னொரு பூச்சு போடலாமே என்று ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"கஞ்சி குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"நான் அவரைக் கேக்கல."

ஜெபக்கனி தன் சோற்று டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் வைத்து நீட்டினாள். நேரமாகிறது என்று உலகம்மாள் முனகியதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை உலைப் பக்கமே விடவில்லை.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துவந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் சேறு போல ஒரு பொடி.

"இது என்ன டீச்சர்?"

"நீங்க கழுவி ஊத்தினதுதான்."

கண்ணாடிப் பொடியை அலசுகிற தண்ணீரையும், நிறம் சரியில்லை என்று வழித்தெடுத்ததையும் உலகம்மாள் வாளியில் கொட்டுவாள். அந்தச் சிவப்பும் பச்சையும் பழுப்புமெல்லாம் அடியில் படிந்து ஒரே நிறமாகக் கிடந்தன. டீச்சர் அதை எடுத்துவைத்திருந்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் பூசினா அந்தப் பக்கமே தகட்டை வளைச்சு இழுக்கும். எப்படித் தாங்கும்?"

புதுத் தகட்டின் பின்னால் அந்தச் சேற்றைப் பூசி, காயவைத்து, சுட்டார்கள். அதன்பிறகுதான் முன்பக்கத்துத் தளிர். உலையிலிருந்து வந்த தகடு ஆறும்வரை இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தம் வரவில்லை.

உலகம்மாள் அதை ஜன்னல் பக்கம் பிடித்தாள். பூச்சுக்குள் புகுந்த வெயில் அடியிலிருந்த வெள்ளியில் பட்டுச் செம்பழுப்பாகத் திரும்பி வந்தது. அதே தளிர்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது.

"இதுக்கும் அவரு திரும்பலைன்னா, டீச்சர்?"

ஜெபக்கனி பதக்கத்தைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கட்டினாள். சாம்பல் நிறப் பின்பக்கத்தை அவள் நெஞ்சோடு அழுத்திவிட்டாள்.

"திரும்பலைன்னாலும், ராத்திரி நீங்க சாப்பிடணும்மா."