கூவைப்பட்டி கொண்டுபோன நட்சத்திர மாப்பிள்ளை

கூவைப்பட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தையைக் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அந்த ஊரிலும் ஒரு கூடைப்பந்து டீம் இருந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒருநாள் கருத்தப்பாண்டியிடம், "எதிராளியை விடாதே, ஒட்டிக்கிட்டே இரு" என்றார். ஆட்டம் முடிந்து எதிராளி வேனில் ஏறினான், கருத்தப்பாண்டியும் ஏறினான். எதிராளி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். இவனும் பக்கத்திலேயே உட்கார்ந்தான். "தம்பி யாருப்பா?" என்று அவன் அம்மா கேட்டாள். "உங்க மகனைத் தடுக்க வந்திருக்கேன்" என்று சொல்லி, ரசத்துக்குக் கையை நீட்டினான்.

சொரிமுத்துவிடம், "பந்தைத் தட்டிக்கிட்டே போ" என்றார். எங்கே நிற்கணும் என்று சொல்லவில்லை. நாலு ஊர் தாண்டி செக்போஸ்டில் போலீஸ்காரர் மறித்துத் திருப்பி அனுப்பினார்.

தவசிதான் அந்த டீமில் கொஞ்சம் உருப்படியாக ஆடுகிறவன். மேலக்கரை பி.டி. வாத்தியார் தங்கதுரையின் மகள் பூரணத்தின் மேல் அவனுக்கு உயிர். அவளுக்கும் அப்படித்தான். அந்த ஊருக்கு ஆடப் போனால் அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவாள். இவன் வாங்குவான். குடிக்க மறந்து அப்படியே திருப்பிக் கொடுப்பான்.

ஒருவழியாகத் தைரியம் வந்து பெண் கேட்டுப் போனான். வாத்தியார் கழுத்தில் கிடந்த விசிலைத் தடவியபடி யோசித்தார்.

"நீ ஆடுறே, சரி. ஆனா நீ நட்சத்திரமா? உங்க ஊர் டீம் கூடிப் பேசட்டும். எவன் பெரிய நட்சத்திரம்னு முடிவாகுதோ அவனை வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வா. முகூர்த்த நாள். அவனுக்குத்தான் என் மக. சொன்னா சொன்னதுதான்."

தவசி ஊருக்குச் சிரித்துக்கொண்டே வந்தான். தன்னை விட்டால் வேறு யார்? சாயங்காலம் மைதானத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கேப்டன் மாடக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"முதல்ல நட்சத்திரம் என்னன்னு பாப்போம். தவசி, உன் நட்சத்திரம் என்னலே?"

"ஆயில்யம், அண்ணாச்சி."

"மாமியாருக்கு ஆகாதே."

"மாமியார் ஆட வரமாட்டாங்களே, அண்ணாச்சி."

அது நியாயமாகப் பட்டதால் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். நட்சத்திரம் வானத்தில் இருப்பதால் உயரம்தான் பெரிசு என்றான் சொரிமுத்து. அவன்தான் அங்கே உயரம்.

"உயரம் மட்டும் போதுமாலே?" என்றான் கருத்தப்பாண்டி. "நாலு தடவை ஓடினா உனக்கு நாக்கு வெளிய வந்திருது. மூச்சு வாங்காதவன்தான் நட்சத்திரம்."

"நடுவர் கூட சண்டை போடக்கூடாது" என்றார் மாடக்கண்ணு.

"தோத்தாலும் மைதானத்தை விட்டு நகரக்கூடாது."

"எல்லாரும் அவனுக்குத்தான் பந்து போடணும்."

சொரிமுத்து எழுந்து நின்றான். முகத்தில் ஒரு வெளிச்சம். "அண்ணாச்சி, நம்ம ஆளுக அஞ்சு பேரும் யாருக்குப் பந்து போடுதோம்? எதிர் டீம் அஞ்சு பேரும் யாருக்குப் போடுதாங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மைதானத்தின் கிழக்கே சவுக்குக் கம்பம், மேலே பலகை, பலகையில் இரும்பு வளையம்.

"ஒரு நாளாவது மூச்சு வாங்கியிருக்கானா?"

"நடுவரை ஒரு வார்த்தை ஏசியிருக்கானா?"

"நாமெல்லாம் வீட்டுக்குப் போயிருதோம். அவன் மழையிலும் மைதானத்திலேயே நிக்கான்" என்று சொல்லிக் கருத்தப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தவசி ஏதாவது மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் ஒன்றுகூடப் பொய்யில்லையே. பூரணம் நல்ல இடத்தில் வாழட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவனும் கையைத் தூக்கினான்.

மேற்குக் கம்பம்? அதற்கு வளையம் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது. பெண் வீட்டில் குறை சொல்வார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கம்பத்தைப் பிடுங்கி, பட்டு வேட்டி சுற்றி, பலகைக்குச் சந்தனம் பூசித் தோளில் சுமந்து போனார்கள். அடிப்பக்கம் தவசி. வாத்தியார் வீட்டு வாசல்படியில் மாப்பிள்ளை இடித்தது.

"குனிஞ்சு வரச் சொல்லுங்க" என்றாள் பெண்ணின் அத்தை.

"குனிஞ்சு பழக்கமில்லம்மா" என்றார் மாடக்கண்ணு.

பந்தலுக்கு வெளியே முற்றத்தில் நிமிர்த்தி நிறுத்தினார்கள். அடியைத் தவசி கட்டிப் பிடித்துக்கொண்டான். வாத்தியார் ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்பிள்ளை என்ன பண்ணுறார்?"

"நிக்கார்."

"கெட்ட பழக்கம் ஏதும்?"

"ஒண்ணும் கிடையாது. உக்காரக்கூட மாட்டார்."

வாத்தியாருக்கு வியர்த்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். "பூரணம், மாலையைப் போடும்மா" என்றார்.

பூரணம் மாலையோடு வந்தாள். மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அடியில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு கண் கலங்கி நின்றவனைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள், முழங்காலை லேசாக மடக்கினாள், வீசினாள்.

மாலை வளையத்துக்குள் நேராக இறங்கி, கீழே நின்ற தவசியின் கழுத்தில் விழுந்தது.

வாத்தியாரின் கை தன்னால் விசிலை எடுத்து ஊதியது. இரண்டு விரல் உயர்ந்தது. "ரெண்டு பாயிண்ட்."

மாடக்கண்ணு தலையில் கை வைத்தார். "போச்சு. பொண்ணு வீட்டுக்கு ரெண்டு, நமக்கு முட்டை. தவசி, பந்து நம்ம கையிலதான் இருக்கு. சும்மா நிக்கியேலே."

கம்பத்தை மற்றவர்கள் தாங்கிக்கொள்ள, தவசி கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டு பின்னால் நடந்தான். திரும்பிப் பார்த்தால் வளையத்துக்கு நேர் கீழே பூரணம் தலை குனிந்து நிற்கிறாள். வீசினான். விழுந்தது, அவள் கழுத்தில்.

"ரெண்டுக்கு ரெண்டு" என்றார் வாத்தியார்.

அவள் போட்டாள். அவன் போட்டான். மறுபடி அவள், மறுபடி அவன். ஊரே எழுந்து நின்று கத்தியது. மாலையில் பாதிப் பூ உதிர்ந்த பிறகு அத்தை வாத்தியாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மூணு தடவை மாலை மாத்தியாச்சு. நல்ல நேரம் போகுதுல்ல?"

வாத்தியார் நீளமாக விசில் ஊதினார். "இடைவேளை."

தவசி தாலி கட்டியது அந்த இடைவேளையில்தான். மாடக்கண்ணு அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணினார். கையைத் துடைத்தார். நேரே நடுவரான வாத்தியாரிடம் போய் ஆட்சேபம் தெரிவித்தார்.

"பொண்ணு இப்ப எங்க ஊர் டீம். இத்தனை நேரம் அது போட்ட பாயிண்ட்டை எல்லாம் எங்க கணக்குல சேர்த்திருங்க. அதோட, உங்க டீம்ல இப்ப ஆளே இல்ல. ரெண்டாம் பாதிக்கு அந்த அத்தையை இறக்குங்க."